கொசுறாக வந்த எட்டாவது வரி

ஜூன் 30, ஞாயிறு. இன்று ஒரு தவறு செய்தேன். வகுப்பில் கொடுத்த தாளில் பாகங்களுக்கு எட்டு வரிகள். ஏழு பாகங்களை வாங்கியாயிற்று. எட்டாவது கொசுறாகக் கிடைத்துவிட்டதால் அந்த வரியை அடித்துவிட்டேன். அடிக்கும்போது அளவுகோல் வைக்கவில்லை. பேனா வழுக்கி ஏழாவது வரியின் மேலும் கோடு விழுந்துவிட்டது. பக்கம் பார்க்க நன்றாக இல்லை. இனி அளவுகோல் இல்லாமல் எதையும் அடிக்கக் கூடாது.

இதை எழுதிய அப்தியாஸ் சுல்காவுக்கு இருபத்திரண்டு வயது. லீமா நகரத்து மலைச்சரிவு ஒன்றின் அடிவாரத்தில் உள்ள இரும்புக்கடையில் பகல் முழுக்க ஆணியும் கம்பியும் நிறுத்துக் கொடுப்பான். செவ்வாயும் வியாழனும் மாலையில் கம்ப்யூட்டர் பொருத்தக் கற்றுத்தரும் வகுப்புக்குப் போவான். வகுப்பில் அவனைவிட வேகமானவர்கள் பலர் உண்டு. அவனைப் போல எழுதுகிறவர்கள் யாருமில்லை. கட்டம் போட்ட நோட்டில் தேதி, நேரம், செய்தது, செய்யாமல் விட்டது எல்லாம் வரிசையாக இருக்கும். எழுதிவிட்டுத் திரும்பப் படிப்பான். படிக்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று விட்டுப்போனது போலவே இருக்கும்.

அன்று அவன் வாங்கி வந்த பாகங்கள் அவனுக்கானவை அல்ல, தங்கை நொயெமிக்கு. சந்தையில் பழச்சாறுக் கடையில் வேலை பார்க்கும் அவள், இரண்டு வருடச் சேமிப்பை ஒரு பிஸ்கட் டப்பாவோடு அவன் கையில் கொடுத்து, "நீயே பாத்து எடு அண்ணே, எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று சொல்லியிருந்தாள். தெரியாது என்றாளே தவிர, அந்தக் கம்ப்யூட்டரில் ஆடப்போகும் ஆட்டத்தில் அவளை மிஞ்ச அந்தச் சரிவில் ஆள் கிடையாது. ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம் நின்று ஆடும் ஆட்டம். அவளுடைய அணி இத்தனை நாளும் முக்குக் கம்ப்யூட்டர் கடையில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துத்தான் ஆடிக்கொண்டிருந்தது. மே மாதம் கடைக்காரர் இயந்திரங்களையெல்லாம் விற்றுவிட்டுச் சிலி நாட்டுக்குப் போய்விட்டார். மற்ற நால்வருக்கும் வீட்டில் ஏதோ ஒன்று இருந்தது. நொயெமிக்கு இல்லை. ஜூலை 6, சனிக்கிழமை ஒரு போட்டியின் தகுதிச் சுற்று. அவரவர் வீட்டிலிருந்தே ஆட வேண்டும்.

அப்தியாஸ் இரண்டு மாதம் தயார் செய்தான். கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் வில்சன் தெருவில் பதினொரு கடைகளில் விலை கேட்டு எழுதினான். உச்ச விலைப் பாகங்கள் பக்கம் அவன் கண் போகவில்லை. மலிவானவையும் வேண்டாம் என்று வைத்திருந்தான். நடுத்தரம் என்பதுதான் கஷ்டம். மேட்டு வீடுகளுக்கு நான்கு பேர் சேர்ந்து தண்ணீர்த் தொட்டி தூக்கிப் போவதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவன் அவன். ஒருவன் மட்டும் பலசாலியாக இருந்து பயனில்லை. நான்கு தோளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பிராசசரையும் போர்டையும் வீடியோ கார்டையும் மெமரியையும் அப்படித்தான் அவன் ஜோடி சேர்த்தான். சேர்த்து முடித்த பட்டியலைப் பார்க்க அவனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டதையும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான்.

கடைசியில் எல்லாவற்றையும் அதே தெருவில் ஒரு கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் இருந்த சுலேமாவின் கடையில் வாங்கினான். ஐம்பது வயதிருக்கும் சுலேமாவுக்கு. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கண்ணாடி எங்கே என்று தேடுவாள்.

"என்ன ராசா, நோட்டும் கையுமா வந்திருக்க? வரி ஆபீஸ்லேருந்தா?"

"இல்லக்கா, வாங்கத்தான் வந்தேன்."

"அப்ப உக்காரு. வரி ஆபீஸ்காரன்னா நின்னுக்கிட்டே பேசுவேன்."

ஒவ்வொரு பெட்டியையும் திறந்து காட்டினாள். அவன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து வரியில் குறித்துக்கொண்டான். ஏழாவதாக, எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடும் கேபினெட் வந்தது. அந்த ஊரில் எவரும் கேட்காமல் விடாத கேள்வியை அவனும் கேட்டான். "ஏழு சாமானும் ஒரே கடையில எடுக்கிறேன். கொசுறு கிடையாதாக்கா?"

"கொசுறு இல்லாம அனுப்பிட்டா என் கடை வௌங்குமா? இந்தக் கேபினெட்டுக்குள்ள பவர் சப்ளை மாட்டியே இருக்கு பாரு. அறுநூறு வாட். உனக்குத்தான், எடுத்துக்க."

எட்டாவது வரியில் இருந்தது அதுதான், மற்ற பாகங்களுக்கெல்லாம் கரண்டு கொடுக்கும் பெட்டி. அதற்கு ஒதுக்கிய பணம் அப்படியே மிஞ்சியது. அதை வீடியோ கார்டில் போட்டு, பட்டியலில் இருந்ததைவிட ஒரு படி மேலான கார்டை எடுத்தான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தான்.

திங்கள் மாலை பொருத்தி முடித்தான். பொத்தானை ஒரே தடவைதான் அழுத்தினான். விசிறிகள் சுழன்றன, திரை ஒளிர்ந்தது. அம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். நொயெமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாற்பது நிமிடம் ஓடியது. அவள் ஆடுவதை அவன் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. கை அதிகம் அசையவில்லை. கண் மட்டும் திரையின் மூலைக்கு மூலை போய் வந்தது. எதிரிகள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று அணிக்குச் சொல்வதுதான் அவள் வேலை. "இடப்பக்கப் புதர்ல ரெண்டு பேர். மூணாவது ஆளு இன்னும் வரல" என்று மைக்கில் சொல்வாள். சொன்ன இடத்தில் சொன்ன எண்ணிக்கையில் ஆட்கள் இருப்பார்கள்.

பத்துப் பேரும் ஒரே இடத்தில் மோதிய நேரத்தில் திரை கறுத்தது. விசிறி நின்று, மறுபடி சுழன்று, கம்ப்யூட்டர் முதலிலிருந்து ஆரம்பித்தது. அன்றைக்கே இன்னொரு தடவையும் அப்படி ஆனது.

"தெயோஃபிலோதான். அந்தாளு வெல்டிங் வெக்கிறப்ப நம்ம வீட்டு பல்பே கண்ணடிக்குது" என்றாள் அம்மா.

அது நியாயமாகப் பட்டது. அடுத்த வீட்டில் தெயோஃபிலோவுக்கு இரும்புக் கேட்டு செய்யும் பட்டறை. செவ்வாய் மாலை அப்தியாஸ் வகுப்புக்குப் போகாமல் தெயோஃபிலோவிடம் போய், ஒரு மணி நேரம் நிறுத்த முடியுமா என்று கேட்டான்.

"தம்பி, நான் கேட்டுக்கு வெல்டு வெக்கிறதா, உன் தங்கச்சி சண்ட போடக் கரண்டு விடுறதா?"

"ஒரு மணி நேரம் மட்டும் மாமா."

"சரி போ. அவ ஜெயிச்சா என் பேரு சொல்லணும். தோத்தா சொல்ல வேணாம்."

சொன்னபடி நிறுத்தினார். கையுறையைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் வந்து நின்று வேடிக்கையும் பார்த்தார். முப்பத்தைந்தாவது நிமிடத்தில், பத்துப் பேர் மோதியபோது, திரை கறுத்தது.

"இதுக்கு நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார் தெயோஃபிலோ.

அப்தியாஸ் நோட்டை எடுத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதித்து வந்தான். பிராசசரைக் கழற்றி, துடைத்து, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவினான். அதிகமாகத் தடவிவிட்டோமோ என்ற சந்தேகத்தில் மறுபடி துடைத்துத் தடவினான். மெமரி இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தான். போர்டில் ஒவ்வொரு இணைப்பையும் அழுத்தினான். சூட்டை அளந்து எழுதினான். எல்லாம் அளவோடுதான் இருந்தது. ஏழு வரிக்கும் எதிரே "சரி" என்று எழுதியாயிற்று. ஏழும் சரியாக இருக்கும்போது கோளாறு எங்கே என்றால், பொருத்தியவன் கையில்தான் இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அதையும் எழுதினான்.

புதன்கிழமை அணித் தலைவன் டைரோனிடமிருந்து நொயெமிக்குச் செய்தி வந்தது. அவள் அதைச் சத்தமாகவே படித்தாள். "வெள்ளிக்கிழமை பயிற்சியில ஒருவாட்டி கட் ஆனாலும், சனிக்கிழமை உனக்குப் பதிலா வேற ஆளு. கோச்சுக்காத."

"என் தப்பு" என்றான் அப்தியாஸ்.

"இரு. எந்தத் தப்புன்னு தெரியட்டும், அப்புறம் உன்னுதா என்னுதான்னு பாக்கலாம்."

அவள் மறுபடி ஆட்டத்தைத் தொடங்கினாள். இந்தத் தடவை ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவைத்துக்கொண்டாள். ஆடிக்கொண்டே தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சாய்த்தாள். சண்டை தொடங்கியதும் கையை உயர்த்தி, பேசாதே என்று சைகை காட்டினாள். திரை கறுத்தது. அவள் நிமிரவில்லை.

"அண்ணே, சாகுறதுக்கு முன்னாடி அடியில ஒண்ணு வண்டு மாதிரி முனகுது. எல்லாரும் ஒண்ணாக் கூடுறப்பத்தான் முனகுது. தனியாச் சுத்துறப்ப சத்தமே இல்ல. அடியில என்ன இருக்கு?"

"பவர் சப்ளை."

"அது உன் பட்டியல்ல எங்க? காட்டு."

அவன் நோட்டை நீட்டினான். அவள் விரல் ஏழு வரிகளையும் தாண்டி, கோணலாக அடிக்கப்பட்டிருந்த எட்டாவது வரியில் போய் நின்றது.

"இத ஏன் பாக்கல?"

"அது காசு குடுத்து வாங்கல. கொசுறு."

சொல்லும்போதே அவனுக்குக் காது சூடாகிவிட்டது. நொயெமி சிரித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"நீ எண்ணுறத நல்லாத்தான் எண்ணுற. எண்ணாம விட்டதுலதான் கோளாறு" என்றாள்.

நான்கு திருகாணிகளைக் கழற்றி அந்தப் பெட்டியை வெளியே எடுத்தான். தினமும் ஆணியை அள்ளி, தராசில் போடும் முன்பே எடை சொல்லும் கை அது. உள்ளங்கையில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. அறுநூறு வாட் என்று ஒட்டியிருந்த அந்தப் பெட்டி, காலி டப்பாவைப் போல லேசாக இருந்தது. அறுநூறு வாட் தாங்க வேண்டிய செம்பும் இரும்பும் உள்ளே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை கையில் தூக்கியிருந்தால் போதும். இலவசம் என்பதால் தூக்கிப் பார்க்கவே இல்லை. இரண்டு மாதம் யோசித்து நான்கு தோள்களை ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தவன், அவர்கள் நிற்கும் தரையைப் பார்க்காமல் விட்டிருந்தான். சாதாரணமாக நடக்கும்போது தாங்கியது. எல்லோரும் ஒரே நேரத்தில் முக்கும்போது சரிந்தது. கார்டை ஒரு படி மேலே ஏற்றி இன்னும் அதிகக் கரண்டு இழுக்க விட்டதும் அதே சரிவுக்குத்தான் உதவியது.

வியாழக்கிழமை இரும்புக்கடையில் அரைநாள் விடுப்புச் சொன்னான். மெமரியும் கார்டும் உள்ளே இருந்தபடியே கம்ப்யூட்டரைச் சுலேமாவின் கடைக்கு எடுத்துப் போக வேண்டும் என்று நொயெமி பிடிவாதமாகச் சொன்னாள். அட்டைப் பெட்டியில் வைத்தால் பஸ்ஸில் இடிபடும். அவள் அம்மாவின் கோடு போட்ட கம்பளித் துணியை விரித்து, கேபினெட்டை நடுவில் வைத்து, குழந்தையைக் கட்டுவது போல முதுகில் ஏற்றி நெஞ்சில் முடிச்சுப் போட்டாள்.

"எறக்கு, நான் தூக்குறேன்."

"நீ தூக்கினா வழியெல்லாம் 'ஆடுதா, ஆடுதா'ன்னு கேப்ப. எனக்குத் தெரியும், ஆடல."

பஸ்ஸில் நடத்துனர் பையன் படியில் தொங்கியபடி அவள் முதுகைப் பார்த்தான்.

"பாப்பாவுக்கு எத்தன வயசு?"

"நாலு நாளு."

"நாலு நாள்லயே இந்த ஒசரமா? அரை டிக்கெட் எடுக்கணுமே."

"எடுத்தா சீட்டு குடுப்பியா?"

"சீட்டா, எனக்கே இல்ல. உள்ள போம்மா, உள்ள போ, பின்னாடி ஊரே காலியா இருக்கு."

பின்னால் ஊர் காலியாக இல்லை. ஒரு மணி நேரம் நின்றே வந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே மெல்லிய தூறல். அப்தியாஸ் ஒரு கையைக் கம்பியிலும் இன்னொரு கையை அந்த மூட்டையின் அடியிலும் வைத்திருந்தான். அவன் நான்கு தடவை "ஆடுதா" என்று கேட்டான்.

சுலேமா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அவர்களைப் பார்த்தாள். அப்தியாஸ் நடந்ததைத் தேதி நேரத்தோடு வாசித்துக் காட்டினான்.

"ராசா, கொசுறுக்கு யாராச்சும் சண்டைக்கு வருவாங்களா? பில்லுல பாரு. அதுல பவர் சப்ளையே இல்ல. இல்லாத சாமான நான் எப்படித் திருப்பி வாங்குறது?"

"சண்டைக்கு வரலக்கா" என்றான்.

"இந்தக் கேபினெட்டு வாங்குறவன் ஆபீஸ்ல கணக்கு எழுதுவான், பள்ளிக்கூடத்துப் பாடம் படிப்பான். அதுக்கு அது பத்து வருசம் ஓடும். நீ எட்டாவது வரிய அடிச்சப்ப நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இவ்ளோ பெரிய கார்டுக்கு இதானான்னு கேக்க வாய் வந்துச்சு. ஆனா நோட்டு வெச்சிருக்கிற புள்ள, தெரிஞ்சுதான் அடிக்குதுன்னு விட்டுட்டேன்."

அப்தியாஸ் தலை குனிந்துகொண்டான். யாரும் சந்தேகப்படாததைச் சந்தேகப்படுவதுதான் அவன் வாழ்க்கை முழுக்கச் செய்தது. சந்தேகப்பட வேண்டிய ஒரே இடத்தில், அவன் நோட்டைப் பார்த்து ஒரு கடைக்காரியே சந்தேகத்தைக் கைவிட்டிருக்கிறாள்.

நொயெமி முடிச்சை அவிழ்த்துக் கேபினெட்டை மேசையில் வைத்தாள்.

"அக்கா, கொசுறத் திருப்பல. அத நாங்களே வெச்சுக்கிறோம். வீடியோ கார்டு பில்லுல இருக்குல்ல? ஏழு நாளைக்குள்ள மாத்தலாம்னு போர்டு வெச்சிருக்கீங்க. இன்னிக்கு அஞ்சாவது நாளு. கார்ட எடுத்துக்கிட்டு, ஒரு படி கீழ உள்ளதக் குடுங்க. மிச்சத்துக்கு நல்ல பவர் சப்ளை."

"நொயெமி" என்றான் அப்தியாஸ். "அந்தக் கார்டு வேற ரகம். அதுல புல்லு ஒவ்வொரு இதழாத் தெரியும். சுமாரா ஒரு பவர் சப்ளைய வாங்கிட்டு கார்ட வெச்சுக்க முடியுமான்னு நான் ஒருவாட்டி—"

"எனக்குப் புல்லப் பாக்க வேணாம் அண்ணே. புல்லுக்குள்ள எவன் இருக்கான்னு பாத்தா போதும்."

சுலேமா சிரித்தாள். இதுவரை வாடிக்கையாளருக்காகச் சிரித்த சிரிப்பு அல்ல அது. எழுந்து போய் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி, அப்தியாஸ் கையில் வைத்தாள். கை தாழ்ந்தது. இரண்டு கிலோ ஆணி, பொட்டலத்தோடு, என்று கை கணக்குச் சொன்னது. அவன் பவர் சப்ளையை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கறுப்பு நிறம், விளக்கு கிடையாது, அலங்காரம் கிடையாது. கேபிள்கள் தடித்து, ஒழுங்காகப் பின்னப்பட்டிருந்தன. உள்ளே வைத்து மூடிவிட்டால் யார் கண்ணிலும் படப்போவதில்லை. யார் கண்ணிலும் படாத ஒன்றை இவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கிறார்களே என்று வியந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

"போட்டோ எடுக்கணுமா?" என்றாள் நொயெமி.

கார்டைச் சுலேமா சோதித்து, ஒரு கீறலும் இல்லை என்று திரும்ப வாங்கிக்கொண்டாள். புது பில் எழுதினாள். எழுதி முடித்ததும் வழக்கப்படி தலையை நிமிர்த்தி, "கொசுறா என்ன வேணும்? கலர் லைட்டு விசிறி ஒண்ணு தரவா?" என்று கேட்டாள்.

"உங்க பெஞ்சு" என்றாள் நொயெமி. "அரை மணி நேரம். இங்கயே மாட்டி, இங்கயே ஓட்டிப் பாக்கணும். அதான் கொசுறு."

சுலேமா அப்தியாஸிடம் திரும்பி, "இவள ஞாயித்துக்கிழமையே கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள். சோதனை மேசையில் கிடந்த இரண்டு பழைய கம்ப்யூட்டர்களைத் தானே தூக்கித் தரையில் வைத்து இடம் செய்தாள். கேபினெட்டைத் திறந்தவள் மூக்கைச் சுளித்தாள். "நாலு நாள்ல இவ்ளோ மண்ணா? எந்த மலையில குடியிருக்கீங்க? பழைய நைலான் காலுறைய வெட்டி முன்னாடி விசிறிக்குக் கட்டுங்க. காத்து வரும், மண்ணு வராது."

அப்தியாஸ் மாட்டினான். அவன் விரல்கள் இந்தத் தடவை அவசரப்படவில்லை. நொயெமி நின்றுகொண்டே ஆடினாள். பெரிய மோதல்கள் உள்ள, பதிவாகியிருந்த பழைய ஆட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு, பிறகு நேரடியாக ஓர் ஆட்டத்துக்குள் போனாள். எதிர்க்கடையிலிருந்து இருவர், மாடிப்படியிலிருந்து மூவர் வந்து நின்றார்கள். "வலது ஓரம் போகாத, அங்க ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான்" என்று அவள் மைக்கில் சொன்னாள். எதிர்க்கடைக்காரர், "எங்க, எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்றார். அடுத்த நொடி அங்கிருந்து ஒருவன் வந்தான். அவர் வாயை மூடிக்கொண்டார்.

பத்துப் பேரும் கூடினார்கள். நொயெமி ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளி, தலையைக் கீழே சாய்த்தாள். அப்தியாஸ் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் முகத்தைத்தான் பார்த்தான், திரையை அல்ல. அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு ஹெட்போனை இரண்டு காதிலும் சரியாகப் பொருத்திக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தாள்.

அரை மணி நேரம் முடிந்தும் சுலேமா நிறுத்தச் சொல்லவில்லை. ஐம்பதாவது நிமிடத்தில் ஆட்டமே முடிந்துவிட்டது. புல் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது. அதை அப்தியாஸ் நொயெமியிடம் சொன்னான்.

"புல்ல யாரு பாத்தா?" என்று கேட்டுவிட்டு, கம்பளித் துணியை விரித்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை பயிற்சியின்போது தெயோஃபிலோ பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். வீட்டு பல்பு கண்ணடித்தது. கம்ப்யூட்டர் கண்ணடிக்கவில்லை. ஏழு மணிக்கு டைரோனிடமிருந்து இரண்டே வார்த்தை வந்தது: "நாளைக்கு நீதான்." நொயெமி அதைச் சத்தமாகப் படிக்கவில்லை. போனை அண்ணன் பக்கம் திருப்பிக் காட்டினாள். பிறகு ஜன்னல் வழியாக, "மாமா, உங்க பேரு சொல்லணுமா வேணாமான்னு நாளைக்குத் தெரியும்" என்றாள்.

அப்தியாஸ் அளவுகோலை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தான்.

ஜூலை 5, வெள்ளி. பயிற்சி மூன்று மணி நேரம். ஒரு தடவையும் நிற்கவில்லை. எட்டாவது வரியை மறுபடி எழுதினேன். ஒன்பதாவதாக ஒரு வரி சேர்த்தேன்: கொசுறு, சுலேமா அக்கா கடைப் பெஞ்சு, ஐம்பது நிமிடம். கோளாறைக் கண்டுபிடித்தது நொயெமி. அதை எந்த வரியில் எழுதுவது என்று தெரியாததால் பக்கத்தின் தலைப்பில் எழுதியிருக்கிறேன். நாளை காலை ஒன்பது மணிக்கு ஆட்டம். அதற்கு முன், அம்மாவின் பழைய நைலான் காலுறையை வெட்டி முன்பக்க விசிறிகளுக்குக் கட்ட வேண்டும்.